வளையம் பதிந்த தடம்

ஹெலன் ஸ்கோப்பின் குமிழை இடப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பினாள். சுட்டாள். குண்டு முன்பு விழுந்த இடத்திலேயே விழுந்தது.

காற்று இல்லை. காற்றைக் காட்டக் களத்தில் நட்டிருந்த துணிக்கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. மறுபடியும் இரண்டு கிளிக் திருப்பினாள். அதே இடம். இன்னும் ஒன்று. இந்த முறை குண்டு வட்டத்தைத் தாண்டி இடப்பக்கம் எங்கோ போனது.

ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். ரைபிளின் முதுகில் இரண்டு உலோக வளையங்கள். அவற்றுக்குள் கறுப்புக் குழாயாக, குறி பார்க்கும் ஸ்கோப். விரலால் தள்ளிப் பார்த்தாள். ஆடவில்லை. பாறை மாதிரி இருந்தது.

குறி அட்டை ஒன்றுக்கு அரை மணி நேரம். ஓரத்திலிருந்த சோதனை வட்டங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம், அந்த அரை மணிக்குள். நடுவில் இருபத்தைந்து வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே குண்டு. அவைதான் கணக்கு.

பக்கத்து மேசையில் நர்மதா கணக்கு வட்டங்களுக்குப் போய் நேரமாகியிருந்தது. அவளுடைய ஏர் ரைபிளிலிருந்து சீரான இடைவெளியில் சத்தம் வந்தது. ஹெலனும் தொடங்கினாள். முதல் குண்டு நடுவில். இரண்டாவது வலப்பக்கம். மூன்றாவது அதற்கும் வலப்பக்கம். குமிழைத் தொடாமலே நான்காவது கீழே இறங்கியது. அவள் மூச்சைக் குறை சொன்னாள். பிறகு விரலை. பிறகு தோளுக்கடியில் இருந்த மணல் பையை நகர்த்தி வைத்தாள். குண்டுகள் தங்கள் இஷ்டத்துக்கு விழுந்தன.

மணி அடித்தபோது அவள் அட்டையில் பாதி வட்டங்கள் ஓரத்தில் கிழிந்திருந்தன.

ரேஞ்ச் பொன்னேரிக்கு வெளியே இருந்தது. மூடிப்போன அரிசி ஆலை. நெல் உலர்த்திய சிமெண்ட் களத்தை நீளவாக்கில் தடுத்து, ஒரு முனையில் மேசைகளையும் மறுமுனையில் மண் மேட்டையும் வைத்திருந்தார்கள். போட்டி மூன்று அட்டைகள். முதல் மூன்று இடங்களுக்குள் வருபவர்கள் மாநில அணிக்குப் போவார்கள்.

கும்மிடிப்பூண்டியில் ஹெலன் வேலை செய்யும் கம்பெனியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். மாநில அணியில் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெர்மனென்ட். வராவிட்டால் மாதக் கடைசியில் கான்ட்ராக்ட் முடியும், இந்த முறை புதுப்பிக்க மாட்டார்கள். அவளோடு சேர்ந்த பெண்களில் பாதிப்பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

இடைவேளையில் பீட்டர் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தான். அவள் அண்ணன். காலையில் ஆரம்பாக்கத்திலிருந்து பைக்கில் கூட்டிவந்தவன். ஆலைச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"இன்னா ஹெலனு, மூஞ்சி இப்டி கீது?"

"ஸ்கோப்பு பேச்சு கேக்க மாட்டேங்குது ணா."

"ஆடுதா?"

"ஆடல."

"எப்டி ஆடும். நேத்து நீ செகண்ட் ஷிஃப்ட் போய்க்கினப்ப நான் பாத்துட்டேன். எட்டு ஸ்க்ரூ. எட்டும் திரும்பிச்சு. இன்னா வேல பண்ணி வெச்சிருந்த நீ? எல்லாத்தையும் டைட் பண்ணிட்டேன். இனிமே இடி வுழுந்தாலும் அசையாது."

ஹெலன் டீயைக் கீழே வைத்தாள்.

"எத வெச்சு டைட் பண்ண?"

"எங்க கம்பெனி ஆலன் கீ. டீ ஹேண்டில்."

"ரெண்டு கையாலயா?"

"ஒரு கையே போதும்." இடது கையைக் காட்டிச் சிரித்தான். அதில் மூன்று விரல்கள் இருந்தன.

அவள் சிரிக்கவில்லை.

வளையத்தின் திருகுகளை அவள் வியாழக்கிழமை முடுக்கியிருந்தாள், நர்மதாவிடம் வாங்கிய சின்ன ஸ்க்ரூ டிரைவரால். அதன் கைப்பிடியில் எண்கள் உண்டு. எந்த அளவு இறுக்க வேண்டுமோ அந்த எண்ணில் வைத்துத் திருகினால், அளவு வந்ததும் கைப்பிடி டக்கென்று வழுக்கும். அதோடு நிறுத்திவிட வேண்டும். பிறகு நாற்பது ஐம்பது குண்டு சுட்டு, குறியைச் சரி பார்த்து, ரைபிளைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"அது அவ்ளோதான் டைட்டா இருக்கணும் ணா."

"திரும்பிச்சின்னா லூஸு. வேற இன்னா?"

"உள்ள இன்னொரு குழா கீது. மெல்லிசு. குமிழ திருப்பினா அதுதான் நவுரும். வெளிய போட்டு அமுக்கிட்டா உள்ள இருக்கறது மாட்டிக்கும். நவுராது. அப்பால தெறிச்சிக்கினு எங்கியோ போவும்."

பீட்டர் அவளைப் பார்த்தான். புரிந்ததா என்று தெரியவில்லை.

"ஒரு சுத்து லூஸ் பண்ணி குட்த்துரட்டா?"

"வேணாம். அது கெட்ருச்சு."

அவன் கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் டை செட்டர், அச்சுகளை மெஷினில் பொருத்துபவன். எட்டு வருடத்துக்கு முன் இரவு ஷிஃப்ட்காரன் ஒரு கிளாம்ப் போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டுப் போய்விட்டான். காலையில் பீட்டர் தகட்டை எடுக்கக் கையை நீட்டியபோது டை நழுவியது. அதற்குப் பிறகு அவன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறுக்கினான். வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறக்க அம்மா துணி சுற்றிப் பிடிப்பாள். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கப் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். அதை வைத்து வீட்டில் சிரிப்பு உண்டு. பீட்டரும் சிரிப்பான். மறுநாளும் இறுக்கியே மூடுவான்.

ஹெலன் அட்டையை நினைத்தாள். இன்னும் இரண்டு அட்டைகளில் எல்லாம் நடுவில் விழுந்தாலும் மூன்றாம் இடத்தை எட்ட முடியாது. விழவும் போவதில்லை.

நர்மதா களத்தைக் கடந்து வந்தாள். கூடவே ரேஞ்ச் ஆபீசர் பாக்கியநாதன். நர்மதாவின் அப்பாவுக்கு ஆலைக்குப் பின்னால் தெரிந்த வயல்களில் பாதி சொந்தம். ஹெலன் இரண்டு வருடமாக அவள் பக்கத்து மேசையில் சுடுகிறாள். ரைபிளும் வளையங்களும் க்ளப்புடையவை. ஸ்கோப்பை நர்மதாதான் இரவல் தந்திருந்தாள், புதிது வாங்கியபோது மாற்றிவைத்த பழையது.

"சார், நீங்களே பாருங்க. இவ சுட்டா குண்டெல்லாம் ஒரு பொட்டு மாதிரி வுழும். இன்னிக்கி அட்டைய பாத்தீங்களா? ஸ்கோப்பு என்னுது. பழசு. உள்ள ஸ்ப்ரிங் போயிருக்கும். அதுக்கு அவ இன்னா பண்ணுவா?"

பாக்கியநாதன் ஹெலனின் மேசைக்குப் போனார். ரைபிளை மணல் பையில் வைத்துச் சோதனை வட்டத்தில் சுட்டார். குமிழைத் திருப்பினார். சுட்டார். மேலும் திருப்பிச் சுட்டார். கண்ணை எடுக்காமலே தலையாட்டினார். ரைபிளின் அடியில் கை கொடுத்துத் தூக்கி, ஸ்கோப்பின் இரு மூடிகளையும் போட்டு, வெயில் படாமல் நிழலில் வைத்தார்.

"உள்ள சிக்குது" என்றார். "விதிப்படி நான் ஒண்ணு கேக்கணும். கருவி தானா கெட்டா, க்ளப்புல வேற ரைபிள் குடுத்து இந்த அட்டைய மறுபடி சுட விடலாம். ஆள் கை வெச்சு கெட்டா அது சுடறவங்க பொறுப்பு. இருக்கற ஸ்கோர்தான். குறி பாத்து முடிச்ச பிறகு இத யாராவது கழட்டறது, டைட் பண்றது, அந்த மாதிரி ஏதாவது?"

"இல்ல சார்" என்றான் பீட்டர். "பெட்டியிலயே தான் இருந்துச்சு. ஊட்ல ஒருத்தரும் தொடல."

இடது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போயிருந்தது.

பாக்கியநாதன் அவன் பக்கம் திரும்பவில்லை. "நீ சொல்லும்மா. நீ சுடற ரைபிள்."

ஹெலன் எழுந்து நின்றாள். நர்மதா தன் தண்ணீர் பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்தே கொடுத்தாள்.

"தானாதான் சார்."

அவர் தலையாட்டினார். "பத்து நிமிஷத்துல ரெடியாகு."

நர்மதா அவள் தோளைத் தட்டினாள். "தண்ணிய குடி மொதல்ல. நீ சுடறத வுடு, மூஞ்சப் பாத்தாதான் பயமா கீது."

மாற்று ரைபிள் கனமானது. ஸ்கோப் சின்னது. வட்டம் தொலைவில் தெரிந்தது. ஹெலன் கன்னத்தை ரைபிளின் மரத்தில் வைத்தாள். பிம்பத்தைச் சுற்றிக் கறுப்பு நிழல் வந்தது. தலையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாள். நிழல் போனது. தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். குறுக்குக் கோடு வட்டத்தின் மேல் நகர்ந்தது. ஸ்கோப்பில் தூரத்தைச் சரிசெய்யும் வளையத்தைத் திருப்பினாள். கோடு நின்றது. சோதனை வட்டத்தில் சுட்டாள். வலப்பக்கம் இரண்டு கிளிக். குண்டு வலப்பக்கம் வந்தது. மேலே ஒன்று. மேலே வந்தது.

சொன்னதைக் கேட்கும் பொருள். அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை.

களத்தின் சிமெண்ட் சூடேறியிருந்தது. ஸ்கோப்புக்குள் கானல் ஓடியது. வட்டங்கள் தண்ணீருக்கடியில் இருப்பவை போல நெளிந்தன. மற்றவர்கள் ஓய்வில் இருந்தார்கள். அவள் மட்டும் சுட்டாள். கானல் நிற்கும் ஒரு கணம் வரும்வரை காத்திருந்தாள். வந்ததும் விரல் அமுக்கியது. வேறு எதையும் யோசிக்கவில்லை. வட்டம் முடிந்ததும் அடுத்த வட்டம். அப்படி அவள் அதற்கு முன் சுட்டதில்லை.

இரண்டாம் அட்டையும் மூன்றாம் அட்டையும் எல்லோரோடும் சேர்ந்து. அவற்றிலும் அப்படியே.

மதியம் மூன்று மணிக்கு முடிவுத் தாளை ஆலைக் கதவில் ஒட்டினார்கள். முதல் இரண்டு இடங்கள் சென்னைக்காரர்களுக்கு. மூன்றாவது ஹெலன். நான்காவது நர்மதா. ஒரு பாயின்ட் வித்தியாசம்.

கதவருகே பீட்டர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நர்மதா தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி ஹெலனைக் கட்டிக்கொண்டாள்.

"பாவி. என் ஸ்கோப்பு கெட்டது உனக்கு யோகமா பூட்ச்சி."

"சாரி நர்மதா."

"எதுக்கு? நல்லா சுட்ட. நான்தான் கடைசி அட்டையில ரெண்டு வுட்டுட்டேன்." ரைபிள் பெட்டியைத் தூக்கினாள். "இந்த வருஷம் டீம்ல வரலன்னா எல்லாத்தையும் வித்துரு, மாப்ள பாக்கணும்னு எங்க நைனா சொல்லிக்கினே கீறாரு. பாக்கட்டும். அந்த ஸ்கோப்ப கழட்டிக் குடு. சர்வீஸுக்கு அனுப்பறேன்."

"நானே அனுப்பறேன். ரிப்பேர் பண்ணி குடுக்கறேன்."

"பில்லு என் பேர்ல கீது. சர்வீஸ்காரன் உன்கிட்ட வாங்க மாட்டான்."

"வளையத்தோட எடுத்துக்கோ அப்ப. அப்பால கழட்டிக்கலாம்."

"வளையம் க்ளப்புதுடி. பெட்டிய இப்ப ஒப்படைக்கணும்."

நர்மதா ஹெலனின் மேசையில் உட்கார்ந்து தன் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். திருகில் வைத்தாள். எதிர்ப்பக்கம் திருப்பினாள். கைப்பிடி வழுக்கியது. எண்ணைக் கூட்டி வைத்துத் திருப்பினாள். வழுக்கியது. கடைசி எண் வரை வைத்தாள்.

"இன்னாடி இது, வெல்டு வெச்ச மாதிரி கீது."

நர்மதாவின் தலைக்கு மேலே ஒரு கை நீண்டது.

"தள்ளுங்கம்மா" என்றான் பீட்டர். அவன் முகத்தில் இன்னும் சந்தோஷம் இருந்தது. பைக் பெட்டியிலிருந்து டீ ஹேண்டிலை எடுத்து வந்திருந்தான். சரியான அளவு. திருகின் குழியில் சுலபமாக உட்கார்ந்தது. இடது கையின் மூன்று விரல்களால் வளையத்தைப் பிடித்து வலது கையால் திருப்பினான். பட்டென்று சத்தம். அடுத்தது. பட்டென்று சத்தம். எட்டும் அப்படியே வந்தன. முடித்து நிமிர்ந்தபோதுதான் நர்மதா பார்ப்பதைப் பார்த்தான். அவள் டீ ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வளையங்களின் மேல் மூடிகளை எடுத்தாள். ஸ்கோப்பைத் தூக்கினாள். கறுப்புக் குழாயில் இரண்டு இடங்களில் வெள்ளிப் பட்டை தெரிந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தாள். ஒளி குழாயின் மேல் நேராக ஓடிவந்து பட்டை இருந்த இடத்தில் வளைந்து போனது. நகத்தால் தடவினாள். நகம் மாட்டியது.

"பீட்டரண்ணா, இது நீங்க பண்ணதா?"

"லூஸா இருந்துச்சும்மா" என்றான். சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டான்.

களத்தின் மறுகோடியில் யாரோ கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?" நர்மதா ஹெலனைக் கேட்டாள்.

"இடைவேளையில."

"சார் கேக்கறதுக்கு முன்னாடியா அப்பாலயா?"

"முன்னாடி."

நர்மதா ஸ்கோப்பை மஞ்சள் துணியில் சுற்றினாள். சுற்றி முடித்ததும் பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

"நான்தான் போய்ச் சொன்னேன், என் ஸ்கோப்பு பழசு, ஸ்ப்ரிங் போயிருக்கும்னு. எவனும் கேக்கல. நானா போய்ச் சொன்னேன்." குரல் உயரவில்லை. "இப்ப போயி மாத்திச் சொன்னா இன்னாம்பாங்க? ஒரு பாயின்ட்ல தோத்துட்டா, அதான் பேசறான்னுவாங்க. நான் சொல்ல முடியாது. வாய வெச்சுக்கினு நானே மாட்டிக்கினேன்."

"நர்மதா."

"நாலு மணி வரைக்கும் ஆட்சேபணை சொல்லலாம். நீ சொன்னாதான் உண்டு."

துணிச்சுருளை அக்குளில் வைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். ஏற்கெனவே கட்டிவைத்த பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.

பீட்டரும் ஹெலனும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். காலையில் வைத்த டீ கிளாஸ் அங்கேயே இருந்தது. உள்ளே எறும்புகள்.

"போவாத" என்றான் பீட்டர்.

அவள் கிளாஸைக் கவிழ்த்து எறும்புகளைத் தட்டினாள்.

"முப்பதாம் தேதி வெளிய அனுப்பிடுவானுங்க. தெரியுமில்ல? மறுபடி எவன் கான்ட்ராக்ட்லயாவது போய் நிக்கணும். மறுபடி மொதல்லருந்து."

"தெரியும்."

"அவங்களுக்கு நெலம் கீது. நம்ம அம்மா நட்ட நெலம். அவளுக்கு இது வெளாட்டு. தோத்தா கல்யாணம். நமக்கு இன்னா கீது சொல்லு?"

"அவ தண்ணி குடுத்தா ணா. பாட்டில தொறந்து குடுத்தா."

பீட்டர் தரையைப் பார்த்தான். டீ ஹேண்டில் இன்னும் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தான். பிறகு எடுத்துச் சட்டைக்குள் செருகினான்.

"அவ்ளோ டைட்டாவா பண்ணிட்டேன்?"

"ம்."

"எனக்கு அது தெரியல. கைக்கு அது தெரியல ஹெலனு. நிறுத்தறதுக்கு எந்த எடம்னு." கதவுப் பக்கம் பார்த்தான். "நான் போய் சொல்லட்டா? நான் டைட் பண்ணேன், அவளுக்குத் தெரியாதுன்னு?"

"தெரியாதுன்னு சொன்னாலும் ஸ்கோர் போவும். சுடறவங்க பொறுப்புன்னாரே."

"அப்ப வேணாம்."

"ம்."

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாக்கியநாதன் கதவருகே வந்தார். தாளைப் பிய்த்து மேசையில் வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். கிளம்பக் காத்திருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் அங்கங்கே நின்றார்கள்.

"முடிவு மேல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

பொதுவாகக் கேட்டார். வழக்கமாகக் கேட்பது. ஒரு சென்னைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்மதா பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் ஹெலன் பக்கம் பார்க்கவில்லை. வெறுமையாகிவிட்ட களத்தைப் பார்த்தாள்.

எழுந்தால் போதும். ஹெலனுக்கு அது தெரிந்தது. ஒரு வார்த்தைகூட வேண்டாம். எழுந்து மேசை வரை நடந்தால் அவரே கேட்பார். எழுவதற்காக அவள் கால்களை மடக்கி நிமிர்ந்தாள். சேலை கட்டிய அம்மா கும்மிடிப்பூண்டி கம்பெனி கேட்டில் வந்து நிற்பது போல ஒரு நினைப்பு வந்தது. அம்மா அங்கே வந்ததே இல்லை. பிறகு முப்பதாம் தேதி வந்தது. ஐடி கார்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் கான்ட்ராக்டர் ஆள் ஜெயராஜ், அதை அட்டைப் பெட்டிக்குள் போடும் சத்தம். அவள் அதை மற்றவர்களுக்கு நடக்கும்போது கேட்டிருக்கிறாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பாக்கியநாதன் கையெழுத்துப் போட்டார்.

நர்மதா முதலில் கிளம்பினாள். வழியில் இவர்கள் முன் நின்றாள்.

"நேஷனல்ஸ் டிசம்பர்ல. யார் ஸ்கோப்புல சுடுவ?"

ஹெலன் வாயைத் திறந்தாள்.

"நெஜமாத்தான் கேக்கறேன். க்ளப்புல இருக்கறது எல்லாம் சின்னது. அதுல வராது. இப்பவே தேடு." காறித்துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துப்பவில்லை. பொன்னேரி போகும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் பீட்டர் கவரைப்பேட்டையில் நிறுத்தி ஸ்வீட் வாங்கினான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மழை பிடித்தது. ஸ்வீட் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டினான். கும்மிடிப்பூண்டி தாண்டும்போது போன் வந்தது. எச்ஆர். க்ளப்பிலிருந்து செய்தி வந்துவிட்டது என்றார். வாழ்த்துச் சொன்னார். திங்கட்கிழமை சர்டிஃபிகேட்டைக் கொண்டு வரச் சொன்னார். ஆர்டர் ஒரு வாரத்தில் வரும்.

"இன்னா சொல்றாரு?" பீட்டர் கத்திக் கேட்டான். மழைச் சத்தம்.

"ஆயிடுச்சாம்."

அவன் தோள்கள் ஒருமுறை குலுங்கின. பைக் ஆடியது. நேராக்கினான்.

அம்மா சின்னப்பொண்ணு வாசலில் நின்றிருந்தாள். செய்தியைக் கேட்டதும் அப்படியே ஈரத்தரையில் முழங்கால் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் ஹெலனின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். எப்படிச் சுட்டாய் என்று கேட்டார்கள். ரைபிளை மாற்றிக் கொடுத்தார்கள் என்று சொன்னாள்.

"அவங்களாவா குடுத்தாங்க?"

"ஆமா."

"கர்த்தர் குடுத்தாரு" என்றாள் அம்மா. "நாளைக்கி சபையில சாட்சி சொல்லணும் நீ. ஜெபத்துல வெச்சிருந்தவங்க எத்தினி பேரு. எல்லாருக்கும் சொல்லணும்."

"நீயே சொல்லும்மா."

"யாருக்கு நடந்துச்சோ அவங்கதான் சொல்லணும்."

சபை ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில். பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. ஓர் அம்மாள் காய்ச்சல் போனதைச் சொன்னாள். ஓர் ஆள் வேலை கிடைத்ததைச் சொன்னான். பிறகு பாஸ்டர் ஹெலனைக் கூப்பிட்டார். முன்னால் போய் நின்றாள். மைக் கனமாக இருந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"நேத்து பொன்னேரியில போட்டி நடந்துச்சு. மூணாவதா வந்தேன். வேல பெர்மனென்ட் ஆகப் போவுது." நிறுத்தினாள். "ஜெபம் பண்ண எல்லாருக்கும் நன்றி."

உட்காரப் போனாள். பாஸ்டர் சிரித்துக்கொண்டே கையமர்த்தினார்.

"அவ்ளோதானா? இன்னா நடந்துச்சுன்னு சொல்லும்மா. அம்மா சொன்னாங்க, துப்பாக்கி கெட்டுப் போச்சாம், வேற துப்பாக்கி வந்துச்சாம். புள்ளைங்கல்லாம் கேக்கட்டும். விசுவாசம் வளரும்."

"மொத அட்டை சுடும்போது துப்பாக்கி கெட்ருச்சு. குண்டு ஒரு எடத்துல வுழல. ஆபீசர் பாத்தாரு. மாத்திக் குடுத்தாரு. மறுபடி சுட்டேன்."

"ஸ்தோத்திரம்."

"கூடச் சுடற பொண்ணு ஒருத்தி எனக்காகப் பேசினா."

"கர்த்தர் மனுஷங்கள எழுப்புவார். அதுவர நல்லா இருந்த துப்பாக்கி எப்டிம்மா கெட்டுச்சு?"

கடிந்து கேட்கவில்லை. அன்பாகத்தான் கேட்டார். கதையை இழுத்துக் கொடுப்பதற்காகக் கேட்டார். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் பீட்டர் பாயின் கோரை ஒன்றைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தான். அவன் கை நின்றது. தலை நிமிரவில்லை.

மைக்கில் அவள் மூச்சு கேட்டது.

"தானா" என்றாள் ஹெலன்.

முன்வரிசையில் அம்மா இரண்டு கைகளையும் உயரத் தூக்கினாள்.